பாட்டுக்காரன் நிற்குமிடம்

துவாஸ் என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு வருவன பாலமும், சுங்கச் சாவடியும், அவற்றின் முன்னே நகராமல் நிற்கும் பேருந்துகளுமே ஆகும். 1998-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் வழியாக ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துபோகும் ஆயிரக்கணக்கானவர்களுள் நாமும் ஒருவர். மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்தை விட்டுப் புறப்பட்டு, தாய்மாமன் வீட்டுக்கும் தேக்காவுக்கும் சென்று, உளுந்தும் புத்தகமும் வாங்கிக்கொண்டு திரும்புவது நம் வழக்கம். துவாஸ் நமக்கு வழியில் உள்ள ஊரே தவிர, இறங்கி நிற்கும் ஊராக ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே பாட்டு உண்டு என்று எவரேனும் சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

இவ்வாண்டு மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, அம்மான் மகனைப் பார்க்கவேண்டி அங்கே இறங்கினோம். அவர் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று செய்தி அனுப்பினார். தொழிலாளர் விடுதி ஒன்றின் எதிரே இருந்த புல்வெளியில் உட்கார்ந்தோம். சற்றுத் தொலைவில் ஆறேழு பேர் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த இளைஞர் பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அடிக்க, மற்றவர்கள் சினிமாப் பாட்டுக்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் நமக்கு ஈடுபாடு இல்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அடி மாறியது. வாளியை அடித்தவரே எழுந்து நின்று வேறொரு பாட்டைப் பாடத் தொடங்கினார். ‘மனுசங்கடா’ என்னும் பாட்டு அது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்துவிட்டார்கள். சாலையோரம் நடந்துபோன வங்காளத் தொழிலாளர் இருவரும் பொருள் விளங்காமலே நின்று கேட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் நாம் அருகே சென்று விசாரித்தோம்.

“இது உங்கள் ஊர்ப் பாட்டா, தம்பி?”

“எங்க ஊர்ப்பக்கத்துக்காரர் பாடினது, அண்ணே. மாரந்தைன்னு ஒரு ஊரு, இளையான்குடிக்குப் பக்கத்துல. எங்க அப்பா அவரை மேடையில பார்த்திருக்காரு.”

அந்த ஊர்க்காரர் கே. ஏ. குணசேகரனார். 1955-ஆம் ஆண்டில், இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த அச்சிற்றூரில் பிறந்து, 2016 ஜனவரியில் புதுச்சேரியில் மறைந்தவர். பாட்டை எழுதியவர் கவிஞர் இன்குலாப். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்களே, அந்தக் கொடுமையின் நினைவிலே பிறந்த பாட்டு. கவிஞர் எழுதியதை ஊர் ஊராகக் கொண்டுசென்று மக்கள் வாயில் ஏற்றியது குணசேகரனாரின் குரல். அக்குரல் அவருக்குப்பின் துவாஸ் வரையில் வந்து, ஒரு பெயிண்ட் வாளியின்மேல் உட்கார்ந்திருந்ததைத்தான் நாம் அன்று கண்டோம்.

நிற்க. இந்தப் பாட்டு நம்மை ஏன் இவ்வளவு உலுக்கியது என்பதைச் சொல்ல, நம் சொந்தக் கதையைச் சிறிது சொல்லவேண்டியிருக்கின்றது. வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. நம் பாட்டனார் அதே தோட்டத்தில், அது ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில், பால் வெட்டியவர். காலையில் பால்காடு, மாலையில் தப்பு. தோட்டத்தில் சாவு விழுந்தாலும், மாரியம்மன் திருவிழா வந்தாலும் முதலில் ஆள் போவது அவரிடம்தான். லயத்தின் பின்புறம் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, அந்தத் தீயின்மேல் தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துப் பார்ப்பார். தோல் இறுகித் தமக்கு வேண்டிய ஓசை வந்த பிறகே தோளில் மாட்டுவார். இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சி. வலக்கையில் தடித்த அடிக்குச்சி. பாட்டும் கட்டுவார். துரையின் மோட்டார் சைக்கிள் விடியற்காலையில் கிளம்ப மறுத்ததைப்பற்றி அவர் கட்டிய பாட்டு ஒன்று மூன்று தோட்டங்களில் வழங்கியதாக நம் தாயார் சொல்வதுண்டு. மெட்டு என்னவோ நடவுப் பாட்டின் பழைய மெட்டுத்தான். சொற்கள் அன்று காலையில் பிறந்தவை.

நம் தாய்மாமன் ஜூரோங்கில் குடியிருந்தார். பிள்ளை ஆங்கிலம் படித்து முன்னுக்கு வரட்டும் என்று ஏழு வயதில் நம்மை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பள்ளியில் இசைப் பாடம் உண்டு. குழந்தைகள் எல்லோரும் ரெக்கார்டர் என்னும் பிளாஸ்டிக் குழலை ஊதக் கற்போம். நமக்கு அப்பொழுது வயது பதினொன்று. ஆசிரியை ஒருநாள், “உங்கள் வீட்டில் பாட்டனார் பாட்டிமார் வழியாக வந்த இசை என்ன? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்” என்றார். சீனப் பிள்ளை ஒருவன் தன் பாட்டியின் நாடகப் பாட்டைச் சொன்னான். மலாய்ப் பெண் ஒருத்தி கொம்பாங் மேளத்தைச் சொன்னாள். நம் முறை வந்தபொழுது, “எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை” என்றோம்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஆங்கிலக் கதையொன்றில் ‘பரையா’ என்னும் சொல்லைக் கண்டு, அகராதியைப் புரட்டினோம். எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் போட்டு, தமிழில் மேளத்தின் பெயரிலிருந்து வந்த சொல் என்று பக்கத்திலே வேர் காட்டியிருந்தது. ஆங்கிலம் நம்மிடமிருந்து கட்டுமரத்தையும் எடுத்தது, மிளகுநீரையும் எடுத்தது, இதையும் எடுத்தது. நம் பாட்டனாரின் தோளில் தொங்கிய கருவி ஆங்கில அகராதியில் ஒரு வசவாக உட்கார்ந்திருப்பதைக் கண்ட சிறுவன் வகுப்பில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? முடிந்திருக்கலாம். நாம் சொல்லவில்லை.

அன்று ஆசிரியை கற்பித்தது அயர்லாந்து நாட்டு மெட்டு ஒன்று. ‘ஷீ வேக் ஷீ வோர்’ என்று அதற்குப் பெயர். சிறு குன்றும் பெருங்குன்றும் என்பது பொருளாம். இரு குன்றுகளில் வாழும் தேவதைக் கூட்டங்களின் சண்டையைப்பற்றிய பழங்கதை அதன் பின்னணி. மும்மூன்று அடிகளாக நடக்கும் மெல்லிய மெட்டு. அந்த விடுமுறையில் பாட்டனார் மாமன் வீட்டுக்கு வந்திருந்தார். நாம் குழலை எடுத்து ஊதிக் காட்டினோம். இரண்டாம் முறை ஊதும்பொழுது, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையில் விரல்களால் தட்டத் தொடங்கினார். அந்த அயர்லாந்து மெட்டுக்கு அவருடைய திசிர நடை அப்படியே பொருந்தியது. ஒரு விரல் மெட்டைப் பின்தொடர, மற்றொன்று இடையிடையே குறுக்கே புகுந்து விளையாடியது. நாம் ஊதுவதை நிறுத்திவிட்டு, “போதும் தாத்தா, பக்கத்து வீட்டார் கேட்பார்கள்” என்றோம். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மாமனையும் இதில் குறை கூறுவதற்கில்லை. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் மேளம் கொட்டுவதற்கு 1973 முதல் தடை இருந்தது. குழுக்களுக்குள் நேர்ந்த சச்சரவுகளே காரணம் என்றார்கள். 2016-இல்தான் வழியில் சில இடங்களில் மட்டும் வாத்தியம் வாசிக்க இடம் தரப்பட்டது. ஆகவே மேளம் என்றால் சண்டை என்றே எண்ணிப் பழகிய ஒரு தலைமுறை அது. அந்த வீட்டில் தப்பைப்பற்றிப் பேச்சே எழாது.

பல ஆண்டுகள் சென்று, தந்தையார் நோயுற்றமையால் தோட்டத்துக்குத் திரும்பிக் கிராணியான பிறகே, அந்த மெட்டைச் செய்தவர் யார் என்று படித்தோம். டர்லோக் ஓ காரலன் என்பது அவர் பெயர். 1670-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மீத் பகுதியில் பிறந்தார். தந்தையார் வேலை தேடி ராஸ்காமன் பக்கம் சென்று, மக்டெர்மட் ரோ என்னும் குடும்பத்தாரிடம் வேலைக்கமர்ந்தார். காரலனுக்குப் பதினெட்டு வயதில் பெரியம்மை கண்டு இரு கண்களும் போயின. அக்குடும்பத்து அம்மையார் அவரைக் கைவிடவில்லை. ஹார்ப் என்னும் நரம்புக் கருவியை (நம் பழைய யாழுக்கு உறவு என்று கொள்ளலாம்) மூன்றாண்டு கற்பிக்க ஏற்பாடு செய்து, முடிவில் ஒரு குதிரையும், வழிகாட்ட ஓர் ஆளும், செலவுக்குப் பணமும் தந்து அனுப்பினார். இருபத்தொன்றாம் வயதில் புறப்பட்ட அந்தக் குருடர் ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் வீடு வீடாகச் சுற்றினார்.

அவர் தலைசிறந்த வாசிப்பாளர் அல்லர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். அக்கலையைக் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குவது வழக்கம். அவர் தொடங்கியதோ பதினெட்டில். அவருடைய வாசிப்பைக் கேட்ட ரெனால்ட்ஸ் என்னும் கனவான், விரலைவிட உமது அறிவு உதவக்கூடும், புதிதாக ஒன்றைச் செய்து பாரும் என்னும் கருத்துப்பட யோசனை கூறினாராம். அதன்பேரில் காரலன் செய்த முதல் மெட்டே நாம் பிளாஸ்டிக் குழலில் ஊதியது. பிறகு இருநூற்றுக்கு மேற்பட்ட மெட்டுக்களைச் செய்தார். தங்குகின்ற வீட்டின் தலைவர் பெயரிலோ தலைவி பெயரிலோ மகள் பெயரிலோ ஒரு மெட்டு. குதிரைமேல் போகும் வழியிலேயே மெட்டு உருவாகும்; சொல் பிறகு வரும். சிற்றூர்ப் பாட்டின் நடையும், அன்று செல்வர் மாளிகைகளில் பரவிவந்த இத்தாலிய இசையின் நடையும் அவரிடத்தே கலந்திருக்கின்றன என்பர். 1738-இல், முதன்முதல் தம்மை ஆதரித்த அதே அம்மையாரின் வீட்டுக்குத் திரும்பி வந்து உயிர் நீத்தார்.

அவர் இறந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1792-இல், பெல்பாஸ்ட் நகரத்தில் எஞ்சியிருந்த ஹார்ப் கலைஞர்களையெல்லாம் அழைத்து ஒரு விழா எடுத்தார்கள். அயர்லாந்து முழுவதிலுமிருந்து வந்து சேர்ந்தவர்கள் பத்துப் பேரே! அவர்களுள் மூத்தவர் டெனிஸ் ஹெம்ப்சன். தொண்ணூறு கடந்த முதியவர். கம்பி நரம்பை நகத்தால் மீட்டும் பழைய முறை அவர் ஒருவருக்கே கைவந்திருந்தது. அவர்கள் வாசித்ததை எழுதி வைக்க அமர்த்தப்பட்டவர் எட்வர்டு பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர். விழா முடிந்தும் அவர் விடவில்லை. ஆயுள் முழுவதும் ஊர்களில் அலைந்து மெட்டுக்களைச் சேகரித்து அச்சிட்டார். அவர் இல்லாவிடில் பல மெட்டுக்கள் அந்தக் கிழவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். ஐரோ நாணயம் வருமுன் அயர்லாந்தில் வழங்கிய ஐம்பது பவுன் நோட்டிலே காரலனுடைய முகம் அச்சிடப்பட்டிருந்தது.

வீடு வீடாகச் சென்று பாடிய ஒருவரின் முகம் பணநோட்டில் வந்துவிட்டது. நம் பாட்டனாரின் பெயர் எங்கே இருக்கின்றது என்று தேடினோம். அலுவலகத்துப் பழைய செக்ரோல் புத்தகத்தில் இருக்கின்றது. பெயருக்கு நேரே நாட்கணக்கு, பால் நிறுவை, கூலி. தப்படித்தவர், பாட்டுக் கட்டியவர் என்று எழுத அதிலே கட்டம் இல்லை.

இருவரும் செய்த தொழில் ஒன்றே என்பது நம் எண்ணம். காரலன் திருமணத்துக்கும் இழவுக்கும் மெட்டுச் செய்தார், பாட்டனாரும் செய்தார். அவரும் பழைய மெட்டிலிருந்து புதியதை எடுத்தார், இவரும் எடுத்தார். ஆனால் காரலன் வீட்டுக்குள் அழைக்கப்பட்டார். செல்வர்களின் மேசையில் அவர்களோடு அமர்ந்து உண்டார், குடித்தார் (அளவுக்கு மிஞ்சியே குடித்தார் என்கிறார்கள்). பாட்டனாருக்கு வாசலுக்கு வெளியேதான் இடம், சாப்பாடும் அங்கேதான். கடல் கடந்து வந்த பிறகும், லயத்துக் கூரைகள் எல்லாம் ஒரே தகரமாக இருந்த பிறகும், அந்த வாசற்படி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. பழந்தமிழ் நாட்டிலே இப்படி இருந்ததாகத் தெரியவில்லை. நிலத்துக்கொரு பறையைக் கருப்பொருளாக வகுத்தவர்கள் நம் முன்னோர். துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் விட்டால் வேறு குடியே இல்லை என்று புறநானூற்றுப் புலவர் ஒருவர் பாடினார். அப்பாணர்கள் மன்னர் அவையில் அமர்ந்தவர்கள்; காரலனுக்கு உறவினர் என்றே சொல்லலாம். இடையிலே எவரோ அவர்களை எழுப்பி வெளியே நிறுத்திவிட்டார்கள்.

குணசேகரனாரின் கலைவாழ்வை நாம் இவ்விடத்தில் வைத்துத்தான் மதிப்பிடவேண்டும். காரலனுக்குப் புது மெட்டைச் செய்வது ஒன்றே வேலை. நிற்கும் இடம் ஆயத்தமாக இருந்தது. குணசேகரனாருக்கோ முதலில் நிற்கும் இடத்தைச் செய்யவேண்டியிருந்தது. சிற்றூர்களில் பாடிக்கொண்டிருந்த பெண்களிடமும் முதியவர்களிடமும் கேட்டுக் கேட்டுப் பாட்டுக்களைச் சேகரித்தார். பண்டிங் செய்த வேலையும் அவருடையது, காரலன் செய்த வேலையும் அவருடையது. ‘தன்னானே’ என்று தம் குழுவுக்குப் பெயர் வைத்தார். நாட்டுப்பாட்டில் சொல் கிடைக்காத இடத்தை நிரப்பும் ஓசை என்று படித்தவர்கள் ஏளனம் செய்ததை எடுத்து, பெயர்ப்பலகையில் எழுதினார். நடவுக்காரியின் மெட்டிலே கூலியைப்பற்றிப் பாடினார். ஒப்பாரியின் மெட்டிலே வெண்மணியைப் பேசினார். கேட்பவர்களுக்கு மெட்டு முன்பே தெரியும். ஆகையால் சொல் நேரே உள்ளே சென்றது. இசை நூல்களில் இதற்கு என்ன பெயரோ நாம் அறியோம். தோட்டத்துத் துரையின் மோட்டார் சைக்கிளைப் பாடியவருக்கு இது தெரிந்திருந்தது.

பாடியதோடு அவர் நிற்கவுமில்லை. ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றுப் பேராசிரியரானார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நிகழ்கலைப் பள்ளியில் பணியாற்றினார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். ‘பலியாடுகள்’ முதலிய நாடகங்களை எழுதினார். நாட்டுப்புறவியல் என்று அறிஞர்கள் வழங்கிய சொல்லுக்கு எதிரே ‘சேரிப்புறவியல்’ என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டார். 2005-இல் வெளிவந்த ‘வடு’ என்னும் தன்வரலாற்றில், பசியையும் தீண்டாமையையும் தாம் பட்டபடியே எழுதினார். பேராசிரியரான பின்பு அவற்றை மறைத்துவிடுவது எளிது. மறைப்பது எவ்வளவு எளிது என்பது நமக்குத் தெரியும்.

பேராசிரியர் மேடையில் பாடலாமா, பாடகர் ஆராய்ச்சி செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வுக்கும் மேடைக்கும் இடையே அவருடைய காலம் பங்கிடப்பட்டதால் சில பாட்டுக்கள் பிறவாமலே போயிருக்கலாம். ஆனால் அவரும் அவர் போன்றவர்களும் பாடாதிருந்தால், இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடும் காட்சி நமக்குக் கிடைத்திராது.

பாட்டனார் நாம் கிராணியாவதற்கு முந்திய ஆண்டு காலமானார். அவருடைய சாவுக்குத் தப்படிக்கத் தோட்டத்தில் எவரும் இல்லை. அவர் கட்டிய பாட்டுக்களில் ஒன்றேனும் முழுமையாக எவருக்கும் நினைவில்லை. மோட்டார் சைக்கிள் பாட்டில் தாயாருக்குத் தெரிந்தவை மூன்றடிகள். இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் லயம் லயமாகப் பாட்டுக்களைத் தொகுத்து 1983-இல் நூலாக்கினார். நம் தோட்டத்துக்கு அப்படி ஒருவர் வரவில்லை. ஆங்கிலமும் தமிழும் எழுதத் தெரிந்து, கையில் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசியும் வைத்துக்கொண்டு, அவருடைய கட்டிலின் அருகே உட்கார்ந்திருந்தவர் நாமே.

நான்காண்டுகளுக்கு முன்பு பழைய லயங்களை இடிக்க உத்தரவு வந்தது. ஆட்கள் பெரும்பாலும் பட்டணத்துத் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். இப்பொழுது குலை வெட்டுபவர்கள் இந்தோனேசியரும் வங்காளியரும். இடிக்கவேண்டிய வீடுகளின் பட்டியலை எழுதியது நம் கை. பதினான்காம் இலக்கம் பாட்டனாருடைய வீடு. இடிப்பதற்கு முதல்நாள் உள்ளே சென்று பார்த்தோம். அடுப்பின்மேல் உத்தரத்தில் தப்பு தொங்கியது. தோலை எலி தின்றிருந்தது. மரவளையம் மட்டும் கரிபிடித்து உறுதியாக இருந்தது. எடுத்துவந்து அலமாரியின்மேல் வைத்தோம். வைத்தது வைத்தபடியே இருந்தது.

மீண்டும் துவாஸுக்கு வருவோம். அந்த இளைஞரிடம் நாம் பேசிக்கொண்டிருக்கையில் அம்மான் மகனும் வந்து சேர்ந்தார். வாளியைச் சற்றுத் தாரும் என்று கேட்டு வாங்கினோம். இருபத்தைந்து ஆண்டுகளாக ஒன்றையும் தட்டாத கை. பாட்டனாரின் மும்மை அடியை நினைவிலிருந்து தேடி அடித்தோம், பாதியிலே தடுமாறியது. இளைஞர் சிரிக்கவில்லை. “இது சாமி இறக்குற அடி மாதிரி இருக்கே, அண்ணே. யார் சொல்லிக் கொடுத்தா?” என்றார். சொன்னோம். வளையத்தைப்பற்றியும் சொன்னோம். “கொண்டாங்க. எங்க மாமா தோல் கட்டுவாரு. லீவுக்குப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றார்.

அதற்கு முன்னர் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் ஒருமுறை விசாரித்ததுண்டு. இப்பொழுது ஃபைபர் வளையத்தில் பிளாஸ்டிக் முகம் பூட்டிய பறையே வசதி, தீயில் காய்ச்ச வேண்டியதில்லை, மழையிலும் கெடாது என்று விளக்கினார்கள். அது உண்மைதான். வாங்க மனம் வரவில்லை.

அடுத்த மாதம் வளையத்தைப் பழைய வேட்டியொன்றில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினோம். துவாஸ் சோதனைச் சாவடியில் பையைக் கருவிக்குள் செலுத்திய அதிகாரி, மலாய்ப் பெண்மணி, நம்மை ஓரமாக அழைத்து வேட்டியை அவிழ்க்கச் சொன்னார். கரிபிடித்த மரவளையத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்னால் நீண்ட வரிசை. நம் தோட்டத்து ஆட்கள் இருவரும் அதில் நின்றிருந்தார்கள்.

மேளம், எங்கள் பாட்டனாருடையது, அவர் வாசிப்பவர் என்றோம்.

“கொம்பாங் மாதிரியா?” என்றார் அவர்.

ஆம், அது போலத்தான், ஆனால் குச்சியால் அடிப்பது என்றோம். அவர் விரலால் மரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொள்ளச் சொன்னார்.

இளைஞருக்கு வரும் பொங்கலுக்குத்தான் விடுமுறை. அதுவரையில் வளையம் விடுதியில் அவருடைய கட்டிலின் அடியில் இருக்கின்றது. தாயாரின் மூன்றடிகளை ஒலிப்பதிவு செய்துவிட்டோம். நான்காவது அடி பக்கத்துத் தோட்டத்துக் கிழவி ஒருத்திக்குத் தெரியும் என்கிறார்கள். அடுத்த ஞாயிறு அங்கே போகிறோம்.